தலைக்காயத்தோடு வீடு திரும்புகிறவர்கள் சிரித்து வாழ: ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் தலைக்காயப் பிரிவில் பணியாற்றும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், மக்கள் நல்வாழ்வுத் துறை அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

தலையில் அடிபட்டுப் பிழைத்தவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பயிற்சி தருகிற இயன்முறை மருத்துவர்களும் மறுவாழ்வுப் பயிற்சியாளர்களும் பராமரிப்பாளர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், சாலை விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசின் பொறுப்பாக்கியது. அதன் அருமை எங்களுக்குத் தெரியும். நாங்கள் கேட்பது அதற்குப் பிறகு இன்னும் ஒரு மணி நேரம். டிஸ்சார்ஜ் எழுதும் நாளில் வீட்டாரை உட்கார வைத்து, தள்ளாட்டம், மறதி, மனநிலை மாற்றம் ஆகிய மூன்றையும் பற்றிப் பேசுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் கொஞ்சம் சிரிப்பைப் பற்றியும் பேசுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல்.

சிரிப்பு எதற்கு? தலைக்காயத்துக்குப் பிறகான வாழ்க்கையில் தப்பு நடக்காத நாளே கிடையாது. குளியலறைக்குப் போனவர் எதற்கு வந்தோம் என்று நிற்பார். நேராக நடக்க நினைத்தவர் பீரோவில் போய் மோதுவார். துக்க வீட்டில் அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் திட்டு விழுகிற வீட்டில் அவர் ஒளிக்கக் கற்றுக்கொள்கிறார். விழுந்ததைச் சொல்ல மாட்டார், மாத்திரை போட மறந்ததைச் சொல்ல மாட்டார், அடுப்பை அணைத்தேனா என்ற சந்தேகத்தையும் சொல்ல மாட்டார். சேர்ந்து சிரிக்க முடிகிற வீட்டில் அவரே வந்து சொல்கிறார். எங்கள் வேலையில் பாதி, அவர் வந்து சொல்லும் தகவலை நம்பித்தான் நடக்கிறது.

ஆனால் அடிபட்ட மூளையோடு சிரிப்பதற்கும் கொஞ்சம் விவரம் தெரிய வேண்டும். தெரியாமல் சிரித்தால் கீழே விழவும் கூடும், மனம் நோகவும் கூடும்.

தள்ளாட்டத்திலிருந்து தொடங்குகிறோம். ‘தலை சுத்துது’ என்று வீட்டார் சொல்வது ஒரே நோய் அல்ல. படுக்கையில் புரளும்போதோ அண்ணாந்து பார்க்கும்போதோ அறையே சுழன்று, ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிட்டால், உள்காதில் இருக்கும் நுண்ணிய கால்சியம் படிகங்கள் இடம் பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் போயிருக்க வாய்ப்பு அதிகம். தலையில் அடிபட்டவர்களிடம் இது அடிக்கடி நடக்கும். அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி 1992இல் வெளியிட்ட முறையில் இதைப் பெரும்பாலும் கட்டிலிலேயே சரிசெய்யலாம். பாதிக்கப்பட்ட காதின் பக்கம் தலையை 45 பாகை திருப்பி, அப்படியே மல்லாக்கச் சாய்த்து, தலை கட்டில் விளிம்புக்குச் சற்றுக் கீழே தொங்குமாறு 30 விநாடி பிடிக்க வேண்டும். பிறகு தலையை 90 பாகை மறுபக்கம் திருப்பி இன்னொரு 30 விநாடி. அதன்பின் உடலோடு சேர்த்து உருட்டி, மூக்கு தரையைப் பார்க்கும்படி மேலும் 30 விநாடி. கடைசியாக எழுப்பி உட்கார வைக்க வேண்டும். கழுத்தெலும்பில் காயம் இல்லை என்று உறுதியான பிறகே இதைச் செய்யலாம். முதல் முறை பயிற்சி பெற்றவர் கையால்தான் நடக்க வேண்டும். வார்டிலேயே முடியக்கூடிய வேலை இது. செய்யாமல் வீட்டுக்கு அனுப்பினால், அவர் மாதக்கணக்கில் ஒரே பக்கம் படுத்துக்கொண்டு, தலையைத் திருப்பப் பயந்து கழுத்து விறைத்துப் போய் எங்களிடம் வருகிறார்.

எழுந்து நின்றதும் கண் இருட்டினால் அது வேறு. படுத்திருக்கும்போது ஒரு முறையும், நின்றபின் முதல் நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் இரத்த அழுத்தம் பாருங்கள். மேல் எண் 20 குறைந்தால் காரணத்தை அங்கே தேட வேண்டும். காலை அகட்டி வைத்து, குடித்தவர்போல நடந்தால் சிறுமூளையை நினைப்பது சரிதான், ஆனால் அதற்கு முன் மாத்திரைச் சீட்டையும் பாருங்கள். வலிப்புக்குத் தரும் பினைட்டோயின் இரத்தத்தில் அளவு மீறினாலும் இதே நடைதான் வரும்.

மாத்திரை என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சின்னாரிசின், புரோகுளோர்பெரசின் போன்ற தலைச்சுற்றல் மாத்திரைகள் முதல் சில நாட்களுக்கு உதவும். எப்போது நிறுத்துவது என்று எழுதாமல் விட்டால், குடும்பம் பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் மாதாமாதம் வாங்கிக்கொண்டே இருக்கும். தடுமாற்றத்தை உணர்ந்து உணர்ந்துதான் மூளை அதற்குத் தன்னைப் பழக்கிக்கொள்கிறது. அந்த உணர்வையே மழுங்கடிக்கும் மருந்து நீண்டால் பழக்கமும் தள்ளிப்போகிறது. ‘5 நாள் மட்டும்’ என்பதுபோல நிறுத்தும் நாளைச் சீட்டிலேயே எழுதுங்கள். கூடவே ஒரு பயிற்சியும் எழுதுங்கள். கட்டைவிரல் அளவு எழுத்து ஒன்றைச் சுவரில் கண் மட்டத்தில் ஒட்டி, கை நீட்டும் தூரத்தில் உட்கார வேண்டும். எழுத்தைப் பார்த்தபடியே தலையை இடவலமாக ஆட்ட வேண்டும். எழுத்து கலங்காமல் தெரிகிற வேகம் எதுவோ அதுவே அன்றைய வேகம். ஒரு தடவைக்கு ஒரு நிமிடம், நாளுக்கு மூன்று தடவை. லேசாகச் சுற்றினால் பயப்பட வேண்டாம். 20 நிமிடத்துக்குப் பிறகும் அடங்காவிட்டால் மறுநாள் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

வீட்டில் விழுகிற இடம் பெரும்பாலும் குளியலறைதான். ஈரத் தரை ஒரு காரணம், முகத்தில் சோப்பு போட்டதும் கண் மூடிக்கொள்வது இன்னொரு காரணம். நிற்பதற்குக் கண், உள்காது, பாதம் மூன்றும் செய்தி தருகின்றன. உள்காது ஏற்கெனவே கெட்டிருக்கும்போது கண்ணையும் மூடினால் மிஞ்சுவது வழுக்குகிற தரையில் நிற்கும் பாதம் மட்டுமே. ஆகவே உட்கார்ந்து குளிப்பது, முகத்துக்கு மட்டும் துண்டை நனைத்துத் துடைப்பது, இந்த இரண்டும் கட்டாயம். பிளாஸ்டிக் நாற்காலி ஈர டைல்ஸில் கால் விரிந்து சறுக்கும். ரப்பர் பாதம் உள்ள உலோக ஸ்டூல் நல்லது. கைப்பிடிக் கம்பி 32 முதல் 38 மில்லிமீட்டர் தடிமனில், சுவரிலிருந்து 38 மில்லிமீட்டர் இடைவெளியில், தரையிலிருந்து 84 முதல் 91 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். போல்ட் டைல்ஸைத் தாண்டிச் செங்கல்லில் இறங்க வேண்டும். துண்டு போடும் கம்பி ஒரு ஆளின் எடையைத் தாங்காது, விழுகிறவர் அதையும் பிடுங்கிக்கொண்டுதான் விழுவார். வாசலில் கிடக்கும் துணி மிதியடியை எடுத்துவிடச் சொல்லுங்கள். லுங்கியைக் கணுக்காலுக்கு மேல் கட்டச் சொல்லுங்கள். கைத்தடியின் தலை, கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு இருக்கும் உயரத்தில் வர வேண்டும். ஒரு கால் பலவீனம் என்றால் தடி எதிர்க் கையில்.

சிரிப்புக்கும் தள்ளாட்டத்துக்கும் நேரடித் தொடர்பு ஒன்று உண்டு, இதை யாரும் வீட்டாரிடம் சொல்வதில்லை. வயிறு குலுங்கச் சிரிக்கும்போது கால் தசைகளின் இறுக்கம் தளரும். நல்ல உடம்புக்காரரே சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்கிறார். பேச்சும் அப்படித்தான். பேசத் தொடங்கியதும் நடையை நிறுத்திவிடுகிற முதியோர் பின்னர் அதிகம் விழுந்தார்கள் என்று 1997இல் சுவீடனில் செய்த ஆய்வு காட்டியது. நடப்பதற்கே முழுக் கவனமும் செலவாகும்போது, கதை கேட்க அங்கே மிச்சம் எதுவும் இருக்காது. எனவே வீட்டாருக்கு ஒரு விதி சொல்லுங்கள்: உட்கார்ந்தபின் சிரிப்பு. மாடிப்படியிலும் குளியலறை வாசலிலும் தெருவைக் கடக்கும்போதும் ஜோக் வேண்டாம். சொல்ல வந்ததை வைத்திருந்து திண்ணையில் உட்கார்ந்ததும் சொல்லட்டும்.

அடுத்தது மறதி. இங்கே நாங்கள் மன்றாடிக் கேட்பது ஒன்றுண்டு. நலம் விசாரிக்க வருகிறவர்கள் எல்லாரும் கட்டிலருகே குனிந்து கேட்கும் முதல் கேள்வி, ‘என்னைத் தெரியுதா? நான் யாரு சொல்லு?’ அன்பில்தான் கேட்கிறார்கள். ஆனால் அது தேர்வு. பதில் தெரியாதவர் ஊகித்து ஏதோ ஒரு பெயரைச் சொல்வார், சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். புதிய நினைவு பதியும் வழி அடிபட்டவருக்கு, தன் வாயால் சொன்ன தப்பே பதிந்துவிடுகிறது. ‘அது தப்பு’ என்று திருத்தியது பதிவதில்லை. நினைவிழப்பு உள்ளவர்களுக்குத் தப்பே நேராதபடி கற்பிப்பது பலன் தருகிறது என்று இங்கிலாந்தில் ஆலன் பேட்லியும் பார்பரா வில்சனும் 1994இல் காட்டினார்கள். வருகிறவர் தன் பெயரையும் உறவையும் முதலில் தானே சொல்லிவிட வேண்டும்: ‘சித்தப்பா, நான் கோவில்பட்டி மாலா, உங்க அண்ணன் மக.’ ஒரு நேரத்தில் இரண்டு பேர், 20 நிமிடம், அவ்வளவுதான். வார்டு வாசலில் ‘என்னைத் தெரியுதா என்று கேட்காதீர்கள், உங்கள் பெயரைச் சொல்லுங்கள்’ என்று ஒரு அட்டை மாட்டுங்கள். இந்த மடலில் நாங்கள் கேட்பவற்றில் மிகவும் மலிவானது இதுதான், பலனும் உடனே தெரியும்.

புதிதாக ஒன்றைப் பதிய வைக்க இடைவெளி முறை உதவும். ‘கைத்தடியை எங்கே மாட்டுவோம்? காலண்டர் ஆணியில்’ என்று கேள்வியையும் பதிலையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்து, 15 விநாடி கழித்துக் கேட்க வேண்டும். சரியென்றால் 30 விநாடி, பிறகு 1 நிமிடம், 2, 4, 8 என்று இரட்டிப்பாக்கலாம். தவறினால் யோசிக்க விடாமல் உடனே பதிலைச் சொல்லிவிட்டு, கடைசியாகச் சரியாகச் சொன்ன இடைவெளிக்குத் திரும்ப வேண்டும். ஒரு வேளைக்கு ஒரு விஷயம்தான். ஆசைப்பட்டு மூன்றைச் சேர்த்தால் மூன்றும் போய்விடும்.

கருவிகள் வீட்டிலேயே இருக்கின்றன. தினமும் கிழிக்கும் நாட்காட்டி மிகச் சிறந்தது, ஆனால் தாளை அவர் கையால்தான் கிழிக்க வேண்டும், காலைக் காபிக்கு முன். குறிப்பேடு ஒன்றே ஒன்று, சட்டைப்பையில் அடங்கும் அளவில், பேனா கயிற்றில் கட்டி. இரண்டு நோட்டு இருந்தால் எதில் எழுதினோம் என்பதே அடுத்த மறதி ஆகிவிடும். செல்போன் அலாரத்தில் வெறும் மணி வேண்டாம். மணி அடிக்கும், எதற்கு என்று தெரியாது. ‘ராத்திரி மாத்திரை, நீல டப்பா’ என்று வீட்டார் குரலில் பதிவு செய்து வைக்கலாம். குக்கர் விசிலை எண்ண மேடையில் ஒரு கிண்ணமும் புளியங்கொட்டைகளும் போதும். விசிலுக்கு ஒன்றாகக் கிண்ணத்தில் போட்டால் எண்ணிக்கையைத் தலையில் சுமக்க வேண்டியதில்லை. தனியாகச் சமைப்பவருக்குத் தானாக அணையும் இண்டக்‌ஷன் அடுப்பு பாதுகாப்பு.

மறதிக்குச் சிரிப்பு நல்ல கூட்டாளி. வினோதமானதும் வேடிக்கையானதும் எளிதில் மறப்பதில்லை. கைத்தடிக்கு ‘மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்துவிட்டால், ‘தடியை எடுத்தீங்களா, எத்தனை தடவை சொல்றது’ என்பதற்குப் பதில் ‘மாப்பிள்ளையைக் கூட்டிட்டுப் போங்க’ என்று சொல்லலாம். நினைவூட்டலும் நடக்கும், மரியாதையும் குறையாது. ஒரே நிபந்தனை, அந்தப் பெயரை அடிபட்டவர்தான் வைக்க வேண்டும். அவர் தொடங்காத கேலியை வீட்டார் தொடங்கக் கூடாது. வெளியாள் முன்னால் அவருடைய மறதிக் கதையைச் சொல்லிச் சிரிக்கவே கூடாது. நடந்த நிகழ்ச்சியைப் பார்த்துச் சிரிக்கலாம், ஆளைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. களைப்பாக இருக்கும் மாலை நேரத்தில் எதுவும் வேண்டாம்.

நடக்காததை நடந்ததாகச் சொல்வது தனி. ‘காலையில நான்தான் பால் வாங்கிட்டு வந்தேன்’ என்பார், வாங்கியிருக்க மாட்டார். அது பொய்யல்ல. நினைவில் விழுந்த ஓட்டையை மூளை தானாக நிரப்புகிறது. வாதாடவும் வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். ‘பால் வந்திருச்சு, வாங்க காபி குடிக்கலாம்’ என்று நகர்ந்துவிடச் சொல்லுங்கள்.

மனநிலை பற்றி எழுதும்போது முதலில் நம் வீடுகளின் பேச்சு வழக்கை நினைக்க வேண்டியிருக்கிறது. நாம் பாதி விஷயத்தைக் குத்தலாகத்தான் சொல்கிறோம். ‘ரொம்ப நல்லா வேலை செஞ்சீங்க போங்க’ என்றால் அது திட்டு என்று எல்லாருக்கும் தெரியும். மூளையின் முன்பகுதியில் அடிபட்டவர்கள் பலருக்கு இந்த உள்குத்து எட்டுவதில்லை. பாராட்டு என்று எடுத்துக்கொண்டு அதையே மறுபடி செய்வார், மனைவி ‘வேணும்னே பண்றார்’ என்று அழுவார். அவரிடம் நேரான சிறு வாக்கியம்தான் பேச வேண்டும். கேலி செய்வதாக இருந்தால் முகத்திலும் குரலிலும் சிரிப்பு வெளிப்படையாகத் தெரிய வேண்டும்.

வேறு சிலர், அடிபடுவதற்கு முன் அமைதியாக இருந்தவர்கள், ஓயாமல் ஜோக் அடிப்பார்கள், சமயத்தில் பெண்கள் முன்னால் சொல்லக் கூடாததையும் சொல்வார்கள். முன்மூளைப் பாதிப்பின் இந்த அறிகுறியை ஜெர்மன் மருத்துவர்கள் 1880களின் இறுதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். குணம் கெட்டுவிட்டதாக நினைத்துக் குடும்பமே வெட்கப்பட்டு, உறவினர் வருவதைத் தடுத்துவிடுகிறது. செய்ய வேண்டியது, சிரித்து ஊக்குவிக்காமலும் கத்தாமலும் ‘இது வேண்டாம்’ என்று ஒரே வாக்கியம் சொல்லிவிட்டு, கையில் ஒரு வேலையைக் கொடுப்பது. பூண்டு உரிப்பது, துணி மடிப்பது, எதுவானாலும் சரி.

காரணமில்லாமல் பொங்கும் அழுகையும் சிரிப்பும் இன்னொன்று. சட்டென்று தொடங்கி, அடக்க முடியாமல், சில நிமிடங்களில் நின்றுவிடும். உள்ளே அவருக்கு அந்த அளவு துக்கமோ மகிழ்ச்சியோ இருக்காது. துக்க வீட்டில் சிரிப்பது பெரும்பாலும் இதனால்தான். உட்காரும் நிலையை மாற்றுவது, மெதுவாக நீண்ட மூச்சு விடுவது, பார்வையை வேறு பொருளில் நிறுத்துவது உதவும். சுற்றியிருப்பவர்கள் உற்றுப் பார்க்காமல் இருந்தாலே சீக்கிரம் அடங்கும். அடிக்கடி வந்தால் மருந்தும் உண்டு என்று சொல்லி அனுப்புங்கள். பல குடும்பங்கள் இதை மனச்சோர்வு என்றோ பைத்தியம் என்றோ முடிவு கட்டி, மருத்துவரிடம் வாயே திறப்பதில்லை.

எரிச்சலுக்கும் மாத்திரைச் சீட்டைப் பாருங்கள். லெவெடிராசிடம் என்ற வலிப்பு மருந்து சிலருக்குக் கடுமையான கோபத்தைக் கிளப்பும். வலிப்பே வராதவருக்கு, முன்னெச்சரிக்கையாக வலிப்பு மருந்து தருவதன் பயன் முதல் ஏழு நாட்களுக்குத்தான் என்று உலகளாவிய தலைக்காய வழிகாட்டிகள் சொல்கின்றன. ஆனாலும் அந்த மாத்திரை ஆண்டுக்கணக்கில் ஓடும் வீடுகள் இருக்கின்றன. குடும்பம் தானாக நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் வலிப்பு வரலாம். எனவேதான் மறுபரிசோதனையில் ‘இது இன்னும் தேவையா’ என்று நீங்கள் கேட்க வேண்டும். சும்மா உட்கார்ந்தே இருப்பவரைச் சோம்பேறி என்கிறார்கள். தானாகத் தொடங்கும் திறன்தான் அடிபட்டிருக்கிறது. ‘ஏதாவது செய்யுங்களேன்’ என்றால் எழ மாட்டார். ‘எழுந்திருங்க, வாளியை எடுங்க, துளசிக்குத் தண்ணி ஊத்துங்க’ என்று ஒவ்வொரு படியாகச் சொன்னால் செய்வார். அன்றாடம் சிரித்துக்கொண்டிருந்தவர் இரண்டு வாரமாகச் சிரிக்கவில்லை, சாப்பாடும் தூக்கமும் குறைந்தது, சாவைப் பற்றிப் பேசுகிறார் என்றால் அது மனச்சோர்வு. 14416 எண்ணில் டெலிமானஸ் என்ற மனநல உதவித் தொலைபேசி இருக்கிறது என்பதை வீட்டாருக்குத் தரும் தாளில் எழுதுங்கள்.

சிரித்துச் சமாளிக்கவே கூடாதவையும் உண்டு. அடிபட்டுச் சில வாரங்கள் கழித்துத் தலைவலி கூடுவது, பகலில் தூங்கி வழிவது, நன்றாகி வந்த நடை மறுபடி கெடுவது ஆகியவை மூளை உறையின் கீழ் மெல்லக் கசிந்து தேங்கும் இரத்தமாக இருக்கலாம். வயதானவர்களும் இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். நடை ஒட்டிக்கொள்வதுபோல் ஆகி, மறதி கூடி, சிறுநீரும் அடக்க முடியாமல் போனால் மூளையில் நீர் தேக்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘அவருக்கு மறதி இருக்கிறதுதானே’ என்று வீட்டார் இதையெல்லாம் பழைய கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள்.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் பற்றிச் சுருக்கமாக. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் தலைக்காயத்துக்குத் தனிப் பெயர் இல்லை. நடந்தே வந்து ‘எனக்கு ஒண்ணுமில்ல’ என்று சொல்பவரை ஐந்து நிமிடத்தில் பார்த்தால் ஒன்றுமில்லை என்றுதான் தோன்றும். தன் குறை தனக்குத் தெரியாததும் காயத்தின் ஒரு பகுதியே. சான்றிதழுக்கான மருத்துவக் குழு அமரும்போது பராமரிப்பவரைத் தனியே அழைத்து, அவர் எழுதிவைத்த குறிப்பேட்டைப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள்.

குடும்பத்துக்குக் கற்றுக்கொடுப்பது நம் ஊரில் புதிதல்ல. மருத்துவர் மேரி வர்கீஸ் முன்னின்று உருவாக்கிய வேலூர் மறுவாழ்வு நிலையம் 1966 முதல் இயங்குகிறது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருகிறார். அவருடைய பட்டியலில் தலைக்காயத்தோடு வீடு திரும்பியவரின் பெயர், டிஸ்சார்ஜ் ஆன அன்றே சேர வேண்டும். இரண்டாம் வாரத்தில் ஒரு முறையும் ஆறாம் வாரத்தில் ஒரு முறையும் அவர் போய்க் குளியலறையையும் மாத்திரை டப்பாவையும் பார்க்க வேண்டும். வீட்டில் யாராவது சிரிக்கிறார்களா என்றும் கேட்க வேண்டும்.

ஒரு மணி நேரப் பேச்சுக்கான தாளை, ஒரு பக்கத்தில், பெரிய எழுத்தில், படிக்கத் தெரியாதவர்களுக்குப் படத்தோடு எழுதித் தர நாங்கள் தயாராக இருக்கிறோம். முதல் சில வாரங்கள் உங்கள் செவிலியர்களோடு உட்கார்ந்து அதை நடத்திக் காட்டவும் வருவோம். எந்த வார்டில், எந்தக் கிழமை என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தலைக்காயம் அடைந்தோரின் வீட்டுப் பராமரிப்பில் பணியாற்றுவோர்